கண்ணாடிக்குள்ள கேட்ட குறட்டை

ஒரு ஊர்ல ஒரு தேனருவி இருந்தாளாம். அருவின்னா மலையில இருந்து கொட்டுமே, அது இல்ல கண்ணு. பொண்ணு பேரே தேனருவி. வீட்டுல தேனுன்னு கூப்பிடுவாங்க. ஆனா வாயைத் திறந்தான்னா அருவிதான். சளசளசளன்னு கொட்டோ கொட்டுன்னு கொட்டும்.

வயசு ஆறு. முன்பல்லு ரெண்டும் விழுந்து போச்சு. அந்த ஓட்டை வழியா காத்து வேற போகும், உஸ்ஸு உஸ்ஸுன்னு.

அவளுக்கு ஒரு தம்பி. பேரு நந்தன். வயசு மூணு. அவனுக்கு இந்த உலகத்துல தெரிஞ்ச கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். என்ன கேள்வி தெரியுமா? "கடிக்குமா?"

நாயைப் பாத்தா "கடிக்குமா?" சரி, அது நியாயமான கேள்வி. பூசணிக்காயைப் பாத்தாலும் "கடிக்குமா?" ஊசி போடற டாக்டரம்மாவைப் பாத்து, "கடிக்குமா?"

ம் கொட்டு. ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், இப்பவே சொல்லிட்டேன்.

"ம்."

ஆங். அம்மா பேரு பூங்கொடி. அப்பா பேரு மாரப்பன். அப்பாவுக்கு நூல் மில்லுல ராத்திரி ஷிப்ட். மில்லுன்னா எப்படி இருக்கும்? மிஷினெல்லாம் டடக்கு டடக்கு டடக்கு, கிர்ர்ர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல நிக்கறவரு காதுல வாயை வச்சுக் கத்தினாலும் கேக்காது. அப்படி ஒரு இரைச்சல்.

அப்போ ஒரு நாள் பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்களாம், டவுன்ல ஒரு மியூசியம் இருக்குது, அதுல யானையை விடப் பெரிய எலும்புக்கூடு ஒண்ணு தொங்குதுன்னு. அவ்வளவுதான். தேனுவுக்கு அன்னிக்குப் புடிச்சது மியூசியப் பைத்தியம். சோறு போட்டா "எலும்பு எவ்ளோ பெருசுப்பா?" தலை வாரினா "எலும்பு எவ்ளோ பெருசும்மா?"

அப்பா சொன்னாரு, "ஞாயித்துக்கிழமை போலாம் அம்மிணி."

முதல் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மில்லுல ஆள் வரலைன்னு அப்பாவைக் கூப்பிட்டுட்டாங்க. போச்சு. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நந்தனுக்குக் காய்ச்சல். போச்சு. மூணாவது ஞாயித்துக்கிழமை, அப்பா ஷிப்ட் முடிச்சுட்டு காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்றாரு. கண்ணு ரெண்டும் மிளகாப்பழம் மாதிரி சிவந்து கெடக்குது. பாத்தா, தேனு வாசப்படியில உக்காந்திருக்கா. தலை சீவி, ரிப்பன் கட்டி, செருப்பு மாட்டி, தண்ணி பாட்டிலைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு.

அம்மா சொன்னாங்க, "ஏனுங்க, நீங்க படுத்துத் தூங்குங்க. புள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

தேனு ஒண்ணும் பேசல. பேசாத புள்ளை பேசாம இருந்தா பரவாயில்ல. சளசளன்னு பேசற புள்ளை பேசாம இருந்தா? அப்பாவுக்குத் தாங்குமா?

"யாரு தூங்கறா? எனக்குத் தூக்கமே வரல. கண்ணைப் பாரு, பளபளன்னு இருக்குது," அப்படின்னாரு. சொல்லிட்டு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. இட்லிக்கு சாம்பார் ஊத்தறதுக்குப் பதிலா டம்ளர்த் தண்ணியை ஊத்தி, அதையும் தொட்டுத் தின்னாரு. "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி"ன்னு வேற சொன்னாரு.

அப்புறம் பஸ் ஏறினாங்க. பஸ்ஸு ஒரு குழியில விழுந்தா அப்பா தலை கம்பியில டொம். இன்னொரு குழி, இன்னொரு டொம். மூணாவது குழிக்கு நந்தன் அந்தக் கம்பியைப் பாத்துக் கேட்டான், "கடிக்குமா?"

"ம்."

அப்புறம் மியூசியம் வந்துச்சு. பெரிய பழைய கட்டடம். வாசல்ல ஒரு வாட்ச்மேன், பேரு பொன்னுரங்கம். மீசை ரெண்டு பக்கமும் கடா கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குது. கழுத்துல விசிலு. அவரு எல்லாரையும் நிறுத்தி வச்சுச் சொன்னாரு.

"மூணே மூணு சட்டம். தொடக்கூடாது. ஓடக்கூடாது. கத்தக்கூடாது. உள்ள இருக்கற ஒரு பொருளும் வெளிய போகக்கூடாது."

தேனு விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "அது நாலுங்க தாத்தா," அப்படின்னா.

பொன்னுரங்கம் மீசையைத் தடவினாரு. "நாலாவதுதான் பெரிய சட்டம். இங்க வந்து சேந்த பொருளு, வந்தது வந்ததுதான்," அப்படின்னாரு.

உள்ள போனா, முதல்ல கல்லுச் சிலை. வரிசையா நிக்குது. பாதிக்குத் தலையே இல்ல. நந்தன் ஒரு சிலைக்கு முன்னால நின்னான்.

"கடிக்குமா?"

"தலையே இல்லடா. எதால கடிக்கும்?" அப்படின்னா தேனு.

அப்புறம் பஞ்சு அடைச்சு வச்ச மிருகங்க. ஒரு புலி நிக்குது, ஒரு கண்ணு இந்தப் பக்கம் பாக்குது, ஒரு கண்ணு அந்தப் பக்கம் பாக்குது. அப்பா அங்க நின்னு ஒரு கொட்டாவி விட்டாரு பாரு, ஆஆஆஆவ்! புலி வாயை விடப் பெருசு. நந்தன் புலியை விட்டுட்டு அப்பா வாயைப் பாத்துக் கேட்டான், "கடிக்குமா?"

அப்புறம்தான் எலும்பு. அடேயப்பா! மேல கூரையில இருந்து சங்கிலி போட்டுத் தொங்குது, திமிங்கலத்தோட எலும்புக்கூடு. ஒவ்வொரு விலாவும் நம்ம ஊரு தென்னை மட்டை அளவு. தேனு அண்ணாந்து பாத்தா, பாத்தா, பாத்துக்கிட்டே பின்னால போயி, தொபுக்கடீர்னு உக்காந்துட்டா. அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. அவ்வளவு சந்தோசம்.

அப்போ நந்தன் ரெண்டு காலையும் பின்னிக்கிட்டு, "அம்மா... ஒண்ணுக்கு," அப்படின்னான்.

அம்மா பாத்தாங்க. கக்கூசு கட்டடத்துக்குப் பின்னால இருக்குது. "தேனு, நீயும் வா, அப்புறம் அவசரம்னு சொல்லுவே. ஏனுங்க, நீங்க இங்கயே இருங்க. நகரக்கூடாது." அப்பா தலையாட்டினாரு. தலை கீழ போச்சு, மேல வரல. அப்படியே நின்னாரு.

பக்கத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு கண்ணாடி அறை. அதுக்குள்ள அந்தக் காலத்து உழவர் வீடு. ஓலை வேஞ்ச கூரை, மண் சுவரு. ஆளுயரத்துக்குப் பொம்மைங்க. ஒரு பொம்மை உலக்கை புடிச்சு நெல்லு குத்துது. ஒரு தாத்தா பொம்மை கயிறு திரிக்குது. ஒரு பையன் பொம்மை, ஒரு பாப்பா பொம்மை. ஒரு ஓரத்துல கயித்துக் கட்டில். காலியா கெடக்குது. மியூசியத்தைக் கூட்டிப் பெருக்கற ராமாத்தாக்கா கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சுட்டு, வாளித் தண்ணியை மாத்தப் போயிருந்தாங்க.

அப்பா கட்டிலைப் பாத்தாரு. கட்டிலும் அப்பாவைப் பாத்துச்சு.

"ரெண்டே நிமிசம். உக்காந்துக்கறேன். படுக்கமாட்டேன்," அப்படின்னு தனக்குத்தானே சொன்னாரு. உக்காந்தாரு. கயிறு கிரீச்சுன்னுச்சு. "சாய்ஞ்சுக்கறேன். தூங்கமாட்டேன்." சாய்ஞ்சாரு. கிரீச்சு. வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூஞ்சியில போட்டாரு.

அவ்வளவுதான். ஆளு அவுட்டு.

ராமாத்தாக்கா வந்தாங்க. தரையைப் பாத்துத்தானே துடைப்பாங்க? மேல பாக்கல. சரக்கு சரக்குன்னு துடைச்சாங்க, வெளிய வந்தாங்க, கதவைச் சாத்தினாங்க, பூட்டினாங்க. க்ளிக். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு சோறு திங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.

என்ன, கண்ணு மூடுது?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் அம்மாவும் புள்ளைங்களும் திரும்பி வந்தாங்க. பாத்தா, அப்பா நின்ன எடத்துல அப்பா இல்ல. "ஏனுங்க?" அப்படின்னாங்க அம்மா. "அப்பா?" அப்படின்னா தேனு. அம்மா போன் போட்டாங்க. டிரிங் டிரிங்னு அம்மா பையிலயே அடிக்குது. அப்பா போனைப் பையில போட்டிருந்தாரு.

தேட ஆரம்பிச்சாங்க. கல்லுச் சிலைக்குப் பின்னால பாத்தாங்க. ஒரு தாத்தா செருப்பு வாரைச் சரி பண்ணிக்கிட்டிருந்தாரு. அப்பா இல்ல. புலிக்குப் பின்னால பாத்தாங்க. ஒரு காலேஜ் அண்ணனும் அக்காவும் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. "போ பாப்பா, போ," அப்படின்னாங்க. அங்கயும் அப்பா இல்ல. திமிங்கலத்துக்குக் கீழ, செப்புக் காசு அறையில, வெளிய வேப்ப மரத்தடியில, எங்கயும் இல்ல. கண்ணாடி அறை பக்கமா ரெண்டு தடவை ஓடினா தேனு. பொம்மைதானேன்னு திரும்பிக்கூடப் பாக்கல.

அப்போதான் தேனுவுக்கு யோசனை ஓடுச்சு. அப்பா தூங்கவே இல்லையே. மூணு வாரமா நாமதானே நச்சரிச்சோம்? தூக்கக் கலக்கத்துல எங்கயாச்சும் நடந்து போயிருந்தா? பஸ் ஏறி வேற ஊருக்குப் போயிருந்தா? அந்த ஊர்ல அவருக்கு யாரைத் தெரியும்? யாரு சோறு போடுவாங்க? உதடு பிதுங்குச்சு. ஆனா தம்பி பாக்கறானேன்னு அழல. ஓட்டைப் பல்லு வழியா உஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு, நேரா வாட்ச்மேன்கிட்ட போனா.

"தாத்தா, எங்கப்பா தொலைஞ்சு போயிட்டாருங்க."

பொன்னுரங்கம் முப்பது வருசமா அங்க வேலை பாக்கறாரு. தொலைஞ்ச புள்ளைங்களைப் பாத்திருக்காரு. தொலைஞ்ச அப்பாவைப் பாத்ததில்ல. "என்ன வயசு? என்ன கலர் சட்டை?" அப்படின்னாரு.

"வயசு தெரியாதுங்க. சட்டை திருப்பிப் போட்டிருப்பாரு."

"பேரு?"

"மாரப்பன்."

அவருகிட்ட ஒரு மைக் இருந்துச்சு. பழைய மைக். அரை வார்த்தை வரும், அரை வார்த்தையைத் தின்னுரும். அதை வாயில வச்சு, "மாரப்பா! மாரப்பா! எங்கிருந்தாலும் உடனே வாசலுக்கு வரவும்! உங்க பொண்ணு தேடுது!" அப்படின்னாரு.

ஆனா மியூசியம் பூரா என்ன கேட்டுச்சு? "கர்ர்ர்ர்... அப்பா! கொய்ங்ங்ங்... அப்பா! உடனே வாசலுக்கு... கர்ர்ர்... பொண்ணு தேடுது!"

அவ்வளவுதான். ஒரு அப்பா ஓடி வந்தாரு, திடுதிடுதிடுன்னு. "என் பொண்ணு எங்க?" பின்னால இன்னொரு அப்பா. தொப்பை குலுங்க ஒரு அப்பா. வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு அப்பா. ஒரு கையில ஐஸ்கிரீம் ஒழுக ஒரு அப்பா. நாப்பது அப்பா! ஒருத்தரு, "எனக்கு ரெண்டும் பையன்தான், இருந்தாலும் அப்பான்னு கூப்பிட்டீங்களேன்னு வந்தேங்க," அப்படின்னாரு.

பொன்னுரங்கம் தேனுவைத் தூக்கி மேசை மேல நிறுத்தி, "இதுல உங்கப்பா யாரு?" அப்படின்னாரு.

தேனு ஒவ்வொரு மூஞ்சியா பாத்தா. நாப்பதும் நல்ல அப்பாதான். ஆனா ஒண்ணுகூட அவ அப்பா இல்ல.

"எங்கப்பா இல்லைங்க," அப்படின்னா. இப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாப்பது அப்பாவுக்கும் மனசு கரைஞ்சு போச்சு. "அழாத அம்மிணி, நாங்க தேடறோம்!" அப்படின்னு அவளோட கிளம்பிட்டாங்க.

"ம்."

போற வழியில கண்ணாடி அறைக்கு முன்னால ஒரே கூட்டம். தேனு அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு வந்தவ சட்டுனு நின்னா. ஒரு சத்தம் கேட்டுச்சு. மெதுவா, ரொம்ப மெதுவா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்ஸ்... டப்.

கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்ஸ்... டப்.

கூட்டத்துல ஒரு அம்மா சொல்லுது, "பாருங்களேன், பொம்மை குறட்டை விடுது. வயிறு கூட ஏறி ஏறி இறங்குது."

ஒரு பையன், "கரண்டுல ஓடுது ஆன்ட்டி. கட்டிலுக்கு அடியில மோட்டார் இருக்கும்," அப்படின்னான். தாத்தா ஒருத்தரு, அதான் செருப்பு வாரைச் சரி பண்ணினாரே அவரு, துண்டு நழுவின பக்கமா எட்டிப் பாத்துட்டு, "எல்லாம் சரி. மூக்குதான் சரியில்ல. மனுசனுக்கு இவ்ளோ பெரிய மூக்கு இருக்குமா? செஞ்சவனுக்குத் தொழிலு தெரியல," அப்படின்னாரு.

அம்மா எட்டிப் பாத்தாங்க. "ஐயோ! அந்த மூக்கு!" அப்படின்னு தலையில கை வச்சுக்கிட்டாங்க.

"அப்பா!" அப்படின்னு கத்தினா தேனு. "எங்கப்பா! அது பொம்மை இல்ல, எங்கப்பா!"

பொன்னுரங்கம் ஒத்துக்கணுமே? முப்பது வருசம் வேலை பாத்தவரு, ஒரு பொருளு தெரியலைன்னு சொல்லுவாரா? "இல்ல பாப்பா. இது மெட்ராஸ்ல இருந்து வந்த புதுப் பொம்மை. வந்து இறங்கினப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்கப்பா இல்ல. இங்க இருக்கற பொருளு எதுவும் வெளிய..."

தேனுவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாலாவது சட்டம்! உள்ள வந்து சேந்தது, வந்தது வந்ததுதான். அப்போ அப்பா இனிமே இங்கதானா? திமிங்கலத்தோடயா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கண்ணாடி வழியா பாத்துட்டுப் போகணுமா?

அந்த நேரம் பாத்து மியூசியத்து ஆபீசர் வந்தாரு. பேரு அறவாழி. ஒல்லியா, உயரமா, தடிக் கண்ணாடி போட்டு. "என்ன கூச்சல் இங்க?"

நந்தன் அவரை மேலயும் கீழயும் பாத்தான். "கடிக்குமா?"

"எப்பவாச்சும்," அப்படின்னாரு ஆபீசர்.

தேனு கண்ணைத் துடைச்சா. அழுதா ஆகாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு அட்டை ஒட்டியிருந்துச்சு. ஒண்ணாம் வகுப்புப் புள்ளை, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சா. "உ... ழ... வர், உழவர். கு... டும்... பம், குடும்பம். உரு... வங்... கள் நா... லு."

அப்புறம் கண்ணாடியில விரலை வச்சு எண்ணினா. "நெல்லு குத்தற அம்மா ஒண்ணு. தாத்தா ரெண்டு. பையன் மூணு. பாப்பா நாலு. கட்டில்ல இருக்கறது அஞ்சு. உங்களுக்கு நாலுதாங்க சாரு. அஞ்சாவது உங்களுது இல்ல. எங்களுது. குடுத்துருங்க."

ஆபீசர் அட்டையைப் பாத்தாரு. பொம்மையை எண்ணினாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டி மறுபடி எண்ணினாரு. அஞ்சு! பொன்னுரங்கத்தைப் பாத்தாரு. பொன்னுரங்கத்தோட மீசை ரெண்டும் கீழ தொங்கிப் போச்சு.

"பாப்பா சொல்றது சரி," அப்படின்னாரு ஆபீசர். "இது நம்ம பொருள் இல்ல. திருப்பிக் குடுத்துருவோம்."

ஆனா சாவி? சாவி ராமாத்தாக்கா இடுப்புல! அந்தக் காலேஜ் அண்ணன் வழி கேட்டுக்கிட்டு ராமாத்தாக்கா வீட்டுக்கு ஓடினாரு. அதுவரைக்கும் ஆளை எழுப்புவோம்னு பொன்னுரங்கம் விசிலை எடுத்து ஊதினாரு. பீஈஈஈஈஈ! எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. உள்ள? கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... டப்.

நாப்பது அப்பாவும் சேந்து கத்தினாங்க. "மாரப்பாஆஆஆ! எந்திரிப்பாஆஆஆ!" கூரையில இருந்த புறா எல்லாம் படபடன்னு பறந்து போச்சு. திமிங்கலத்து எலும்பு கூட கிணுகிணுன்னு ஆடுச்சு. உள்ள? மாரப்பன் சிரிச்சுக்கிட்டே இந்தப் பக்கம் புரண்டு படுத்தாரு.

கண்ணாடியைத் தட்டினாங்க, தபதபதபதபன்னு எல்லாக் கையும். இன்னும் சொகமா காலை மடக்கிக்கிட்டாரு.

"சத்தம் கூடக் கூட நல்லாத் தூங்கறாரே மனுசன்!" அப்படின்னாரு ஆபீசர்.

அப்போ தேனு மண்டையில பளிச்சுனு ஒண்ணு பட்டுச்சு. அப்பா தினமும் பகல்ல தூங்குவாரு. நந்தன் தட்டைப் போட்டு உருட்டினா எந்திரிக்கமாட்டாரு. மிக்ஸி ஓடினா எந்திரிக்கமாட்டாரு. ஆனா கரண்டு போயி, பேன் நின்னு, வீடு கம்முனு ஆச்சுன்னா? உடனே எந்திரிச்சு உக்காந்துருவாரு! மில்லுக்காரரு இல்லையா? மிஷின் ஓடினா நிம்மதி. நின்னாத்தான் பயம்.

"எல்லாரும் பேசாம இருங்க!" அப்படின்னு கத்தினா தேனு. "மூச்சுக் கூட மெதுவா விடுங்க. சத்தம் நின்னாத்தான் எங்கப்பா எந்திரிப்பாரு!"

சரின்னு எல்லாரும் வாயை மூடினாங்க. அமைதின்னா அமைதி. அப்போ பாரு, செருப்புத் தாத்தாவுக்கு மூக்கு அரிச்சுச்சு. ஹ... ஹ... ஹச்சூஊ! போச்சு. உள்ள, கொர்ர்ர்.

மறுபடியும் வாயை மூடினாங்க. அமைதி. ஒரு அப்பாவோட போன், டிங்கிரி டிங்கிரி டிங்கான்னு குத்துப் பாட்டு பாடுச்சு! மத்தவங்க எல்லாரும் அவரை முறைச்சாங்க. உள்ள, புஸ்ஸ்ஸ்.

மூணாவது தடவை. போனெல்லாம் அணைச்சாச்சு. தாத்தா மூக்கைப் புடிச்சுக்கிட்டாரு. நந்தன் வாயைத் திறந்தான், "க..." அம்மா வாயைப் பொத்திட்டாங்க. தேனு கண்ணாடியில மூஞ்சியை ஒட்ட வச்சு நின்னா.

இப்ப நீயும் பேசக்கூடாது கண்ணு. ம் கூட கொட்டாத. உஷ்ஷ்.

...

...

உள்ள குறட்டை நின்னுச்சு. துண்டு நகந்துச்சு. அப்பாவோட ஒரு கண்ணு திறந்துச்சு. ரெண்டாவது கண்ணும் திறந்துச்சு.

"யாருடா அது மிஷினை நிறுத்தினது?" அப்படின்னு கத்திக்கிட்டு கட்டில்ல இருந்து துள்ளி எந்திரிச்சாரு மாரப்பன்!

இப்ப கொட்டலாம்.

"ம்! ம்! ம்!"

அப்போதான் அந்தப் பக்கமா புதுசா வந்த ஒரு அம்மா, பொம்மை எந்திரிச்சு நிக்கறதைப் பாத்துட்டு, "ஐயய்யோ, பொம்மைக்கு உசிரு வந்துருச்சு!" அப்படின்னு குடுகுடுன்னு ஓடிப் போயி ரோட்டுலதான் நின்னுச்சாம்.

அப்பா சுத்திச் சுத்திப் பாத்தாரு. கண்ணாடிக்கு வெளிய நாப்பது மூஞ்சி. எல்லாம் மூக்கு நசுங்கி ஒட்டியிருக்குது. பயந்து பின்னால போனாரு, நெல்லு குத்தற பொம்மை மேல இடிச்சாரு. கையெடுத்துக் கும்புட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம இடிச்சுட்டேன்," அப்படின்னாரு. பொம்மை ஒண்ணும் சொல்லல. கோவமோன்னு நினைச்சு, "தப்பா எடுத்துக்காதீங்க," அப்படின்னு இன்னொரு தடவை சொன்னாரு.

அப்புறம் ராமாத்தாக்கா பாதிச் சோத்துல கை கூடக் கழுவாம ஓடி வந்து சாவியைப் போட்டுத் திறந்தாங்க. "சாமி, நான் பாக்கவே இல்லையே சாமி!"

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? தப்பு என்னோடது. நல்ல கட்டிலுங்க," அப்படின்னாரு அப்பா.

தேனு ஓடிப் போயி அவரு கால் ரெண்டையும் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அம்மா திட்டறதுக்கு வாயைத் திறந்தாங்க, திட்டு வரல, சிரிப்புதான் வந்துச்சு. நாப்பது அப்பாவும் கை தட்டினாங்க. ஆபீசர் அறவாழி, "ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த மியூசியத்துல இவ்வளவு நேரம் மக்கள் நின்னு பாத்த பொருளு நீங்க ஒருத்தர்தான்," அப்படின்னாரு.

அப்பா வெக்கப்பட்டுப் போனாரு. தேனு பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, "அம்மிணி, உனக்காகத்தான் வந்தேன். தூங்கிப் போயிட்டேன். ஒண்ணையும் நான் சரியாப் பாக்கவே இல்லையே," அப்படின்னாரு.

தேனு என்ன செஞ்சா? அவரு சுண்டு விரலைப் புடிச்சா. "வாங்க, நான் காட்டறேன். உங்களைத் தேடித் தேடி எனக்கு எல்லா எடமும் தெரிஞ்சு போச்சு," அப்படின்னா.

கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணா காட்டினா. "இவங்க தலையில்லாதவங்க. இவங்களுக்குச் சீப்பு வாங்க வேண்டியதில்ல." அப்பா, "அட, ஆமா!" அப்படின்னாரு. "இந்தப் புலி ஒரே நேரத்துல உங்களையும் பாக்கும், அம்மாவையும் பாக்கும்." "அட!" "இது முதுமக்கள் தாழி. அந்தக் காலத்துல செத்தவங்களை இதுல உக்கார வச்சு மண்ணுக்குள்ள வைப்பாங்களாம். நான் உங்களை இதுக்குள்ளயும் தேடினேன்." "ஐயோ!" "இது திமிங்கலம். இதுக்கு முள்ளே இவ்ளோன்னா குழம்பு எவ்ளோ ஆகும்?" அப்பா அண்ணாந்து பாத்தாரு, பாத்தாரு. பின்னாலயே போயி தொபுக்கடீர்னு அவரும் உக்காந்துட்டாரு. தேனுவும் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. மியூசியம் மூடற மணியடிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே உக்காந்து, எந்த எலும்பு எந்த எடத்து எலும்புன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க.

"ம்..."

சாயங்காலம் பஸ்ஸுல மூணு பேரு சீட்டு கிடைச்சுச்சு. அப்பாதான் நல்லாத் தூங்கி எந்திரிச்சவராச்சே, மத்தவங்களுக்குத்தான் அலைச்சல். நந்தன் அப்பா மடியில தூங்கிட்டான். அம்மா இந்தத் தோள்ல, வாயைத் திறந்துக்கிட்டு. தேனு அந்தத் தோள்ல. அப்பாவால அசைய முடியல. கை மரத்துப் போச்சு, கால் மரத்துப் போச்சு.

அவங்க எறங்கற ஸ்டாப்பு வந்துச்சு. கண்டக்டர் வந்து, "எறங்கறவங்க எல்லாம்..." அப்படின்னு ஆரம்பிச்சாரு. அப்பா வாயைத் திறக்கல, கையையும் தூக்கல. புருவத்தை மட்டும் தூக்கி, வேண்டாம்னு சொன்னாரு. கண்டக்டர் மூணு பேரையும் பாத்தாரு. விசிலை வாயில வச்சு, ஊதின மாதிரியே தெரியாம, ப்பீ... அப்படின்னு மெதுவா ஊதினாரு.

தேனு ஒரு கண்ணை லேசாத் திறந்தா. நம்ம ஸ்டாப்பு, நம்ம மளிகைக் கடை, எல்லாம் பின்னால போகுது. அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அவளுக்கு எல்லாம் புரிஞ்சுச்சு. அப்பா சட்டையைக் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கிட்டா. பஸ்ஸு போச்சு, போச்சு, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போச்சு. அங்க இருந்து திரும்பி வந்தப்பதான் எறங்கினாங்க.

...ம் சத்தத்தைக் காணோமே?

சரி. பஸ்ஸும் நின்னாச்சு, அவங்களும் எறங்கியாச்சு, கதையும் வீட்டுக்குப் போயிருச்சு. நீ தூங்கு கண்ணு, தூங்கு.